பணம் வரும், ஃபீஸ் தேதிக்கு வராது

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியது நான். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். கட்டணம் சொற்பம் என்பதால் எந்தச் சலுகைக்கும் மனுப் போடவில்லை, தேவையும் வரவில்லை. போன வருடம் தம்பிக்குக் கலந்தாய்வில் கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தபோதுதான் என் பட்டத்தின் விலை தெரிந்தது.

முதல் பட்டதாரி சலுகை தமிழ்நாட்டில் 2010 முதல் இருக்கிறது. சாதி பார்ப்பதில்லை, வருமானமும் பார்ப்பதில்லை. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தனியார் பொறியியல் கல்லூரி என்றால் வருடத்துக்கு 25,000 ரூபாய் வரை கல்விக் கட்டணத்தில் கழியும். ஆனால் குடும்பம் என்றால் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா எல்லாரும் அதில் அடக்கம். அக்கா சலுகை வாங்கினாளா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. பட்டம் வாங்கினாளா என்பதுதான் கேள்வி.

"நீ படிச்சதுதான் எனக்கு வினையாப் போச்சுக்கா" என்று தம்பி சிரித்தான். நாலு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு லட்சம் ரூபாய்ச் சிரிப்பு அது.

சரி, 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறதே என்பீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் மருத்துவத்திலும், மறு வருடம் பொறியியலிலும் வந்தது. பொறியியலில் அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாமே அரசு கட்டிவிடும். தம்பி படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. எங்கள் ஊர்ப்பக்கம் அதையும் கவர்மெண்ட் ஸ்கூல் என்றுதான் சொல்வோம், ஆனால் ஒதுக்கீட்டில் அது சேராது. அதே பள்ளியில் தமிழ் வழியில் படித்ததற்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மட்டும் வருகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நீலகிரியில் பந்தலூர் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மழைக்காலத்தில் எந்த நிலையில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று பார்த்தவர்கள் அந்த ஒதுக்கீட்டை வாய் திறந்து குறை சொல்ல மாட்டார்கள். நான் சொல்ல வந்தது, எந்தப் பள்ளியில் சேர்க்கிறோம் என்பதை ஆறாம் வகுப்பிலேயே யோசித்திருக்க வேண்டும் என்பதைத்தான். அந்த வயதில் யார் யோசிக்கிறார்கள்?

அப்புறம் சான்றிதழ்கள். நாங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் தாத்தா தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் இங்கே அரசு தேயிலைத் தோட்டங்களே தொடங்கப்பட்டன. சாதிச் சான்றிதழ் என்றால் மற்றவர்கள் அப்பாவின் சான்றிதழைக் காட்டுவார்கள். அப்பாவுக்கே இல்லாத வீட்டில் தாத்தாவின் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையைத்தான் எடுத்துப்போக வேண்டும். அந்த அட்டை அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில், பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் செய்த உறைக்குள் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, அம்மா பின்பக்கம் சோற்றுப் பசையால் காகிதம் ஒட்டியிருக்கிறாள். தாத்தாவின் போட்டோவில் முகம் மங்கிவிட்டது, முத்திரை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. எனக்குச் சான்றிதழ் வாங்கும்போது அதை வைத்துத்தான் வாங்கினோம். தம்பிக்கு என் சான்றிதழே போதுமானதாக இருந்தது. முதல் பட்டதாரி சலுகையை அவனுக்கு இல்லாமல் செய்தவள் இதிலாவது உதவினேன்.

இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். மனு அங்கே பதிவானதும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஆன்லைனிலேயே மேலே போகும். ஆனால் மனுப் போடும்போது ஓ.டி.பி. வரும் போன் கையில் இருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீட்டில் டவர் கிடைக்காது, அப்பாவின் போனோ அவரோடு தோட்டத்துக்குப் போய்விடும். ஜூன், ஜூலையில் தேவாலா, பந்தலூர் பக்கம் மழை பிடித்தால் கரண்ட் எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. கல்லூரிச் சேர்க்கை நடப்பதும் அதே மாதங்களில். அதனால் பிளஸ் ஒன் படிக்கும்போதே சாதி, இருப்பிடச் சான்றிதழ்களை வாங்கி வைத்துவிடுங்கள். வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், அதை மட்டும் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு வாங்கினால் போதும்.

இனி கல்விக் கடன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் பலர் பாதியிலேயே விட்டுவிடுவது இங்கேதான்.

கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம். 4 லட்சம் வரை நாம் கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை. ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. அப்பாவோ அம்மாவோ இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். சொந்த நிலம் இல்லாத தோட்டத் தொழிலாளி வீட்டுக்கும் இந்தக் கடன் உண்டு என்பதை முதலில் நம்புங்கள். எங்கள் வீட்டில் அப்பாவையே நம்பவைக்க முடியவில்லை. "நம்மள நம்பி எவன்டா அஞ்சு லட்சம் குடுப்பான்" என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் போன வங்கிக் கிளையில் ஃபார்மைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. "நீங்க எங்க சர்வீஸ் ஏரியாவுல வரமாட்டீங்கம்மா" என்றார் மேலாளர். வீடு இந்தக் கிளையின் எல்லைக்குள் இல்லை என்ற காரணத்தைக் காட்டிக் கல்விக் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள், இலை எடை போடும் இடத்தில் தினமும் சண்டை பார்த்தவள். அந்தச் சுற்றறிக்கையை மொபைலில் காட்டி, "சரி சார், முடியாதுங்கிறத மட்டும் எழுதிக் குடுத்துடுங்க" என்றேன். எழுதித் தரவில்லை. ஃபார்மை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். கடைசியில் கடன் வந்தது அந்த வங்கியிலிருந்து அல்ல, வித்யாலட்சுமியில் இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்த வேறொன்றிலிருந்து. ஆனாலும் "எழுதிக் குடுங்க" என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். அதைக் கேட்டதும் பேச்சின் தொனியே மாறுகிறது.

அம்மாவின் பெயரில் மகளிர் குழுக் கடன் இருந்தது, கொரோனா சமயத்தில் தவணை தவறியிருந்தது. கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் அது ஏறியிருக்கும் என்ற பயத்தில் அப்பாவை இணைக் கடனாளியாகப் போட்டோம். வீட்டில் யார் பெயரில் பழைய கடன் நிற்கிறது என்று விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

வட்டி விஷயம் இன்னும் முக்கியம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். குடும்ப வருமானம் வருடத்துக்கு நாலரை லட்சத்துக்குள் என்றால் அந்த வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் உண்டு. ஒரு நிபந்தனை: தனியார் கல்லூரி என்றால் கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் அங்கீகாரமோ, படிக்கும் பிரிவுக்குத் தரச்சான்று தரும் என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்க வேண்டும். ஆகவே கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது கல்லூரிப் பெயருக்குப் பக்கத்தில் இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தம்பி முதலில் போட்டிருந்த ஒரு கல்லூரிக்கு இரண்டுமே இல்லை, பட்டியலில் கீழே தள்ளச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து பக்கம் என்பதுதான் அந்தக் கல்லூரியின் பெருமை. 2024 நவம்பரில் ஒப்புதலாகிப் பேப்பரில் பெரிதாக வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம் வேறு, இந்த வட்டித் திட்டம் வேறு. பிஎம் வித்யாலட்சுமி தேசியத் தரவரிசைப் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வங்கியில் போய் நிற்காதீர்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கடன் கிடைக்கும், உதவித்தொகையும் கிடைக்கும். ஆனால் இடம் ஒதுக்கிய சில நாட்களுக்குள் கல்லூரியில் போய்ப் பணம் கட்டிச் சேர வேண்டும். வங்கியோ இந்தக் கல்லூரி மாணவர்தான் என்று காட்டும் போனஃபைட் சான்றிதழ் கேட்கிறது. கல்லூரியோ முதல் தவணை கட்டினால்தான் போனஃபைட் தரும். கட்டுவதற்குத்தானே கடன் கேட்கிறோம் என்று இரண்டு கவுண்டரிலும் சொல்லிப் பார்த்தாயிற்று. இந்த இடைவெளியில்தான் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் வட்டிக்காரரிடம் போய் விழுகின்றன. ஏழைக்கு உதவித்தொகை என்று எழுதுகிறார்கள், ஆனால் முதல் தொகையைக் கட்டும் அளவுக்குக் கையில் பணம் வைத்திருக்கும் ஏழைக்குத்தான் அது ஒழுங்காகப் பொருந்துகிறது.

எங்களுக்குக் கைகொடுத்தது அப்பாவின் பி.எஃப். பிள்ளைகளின் மேல்படிப்புக்கு அதிலிருந்து முன்பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இத்தனை வருடம் பிடித்தம் செய்தும் அப்பாவுக்கு அது தெரியாது. ஓய்வுபெறும்போது லைன் வீட்டைக் காலி செய்து எங்காவது ஒரு சென்ட் நிலம் வாங்க வைத்த பணம் என்பதால் தொடவும் மனமில்லை. அதிலும் பி.எஃப். கணக்கில் அவர் பிறந்த வருடம் ஒன்று, ஆதாரில் வேறொன்று. அதைத் திருத்தி முடிப்பதற்குள் கல்லூரித் தேதி வந்துவிட, அம்மாவின் செயின் கூட்டுறவுச் சங்கத்தில் அடகுக்குப் போனது. பி.எஃப். வந்ததும் முதல் வேலையாக அதை மீட்டோம். கட்டிய ரசீதைக் காட்டியதில் வங்கி அந்தத் தொகையையும் கடனில் சேர்த்துக்கொண்டது. எல்லாக் கிளையிலும் சேர்த்துக்கொள்வார்கள் என்று எண்ணாமல் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் வந்த மறுநாளே கூடலூர் பஜாரில் கார் காராக வந்து இறங்கும் ஏஜெண்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "ஸ்காலர்ஷிப் நாங்க பாத்துக்கிறோம், சர்டிபிகேட் மட்டும் குடுங்க" என்பார்கள். அவர்கள் சேர்ப்பது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டில், அதில் முதல் பட்டதாரி சலுகை கிடையாது, 7.5-ம் கிடையாது. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே அறிவித்துவிட்டது. அப்படியிருந்தும் பெங்களூர் நர்சிங் என்று போய், பிடிக்காமல் திரும்பி வந்து, டி.சி.யை மீட்க முடியாமல் வருடம் தொலைத்த பெண்கள் எங்கள் தோட்டத்திலேயே உண்டு.

பக்கத்துப் பணியர் பழங்குடிக் குடியிருப்பில் ஒரு பெண் கல்லூரிக்குப் போகிறாள். மாணவிகளுக்கு அரசு தரும் புதுமைப்பெண் பணம் வரவே இல்லை என்று பாஸ்புக்கோடு என்னிடம் வந்தாள். பணம் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தது, வேறு கணக்குக்கு. சிம் கார்டு வாங்கிய கடையில் விரல் வைத்தபோது அவள் பெயரில் ஒரு பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கும் திறந்திருக்கிறார்கள். ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்ததோ, அரசுப் பணம் அங்கேதான் போகும். பாஸ்புக்கில் ஆதார் எண் எழுதியிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் பார்த்தால் வங்கியின் பெயர் தெரிந்துவிடும். மொத்தமாக வந்த பணத்தில் முதலில் ஒரு ரெயின்கோட் வாங்கினாள்.

தம்பியின் இரண்டாம் வருடத் தொகையை விடுவிக்க வங்கி முதல் வருட மதிப்பெண் பட்டியல் கேட்கிறது. இரண்டாம் செமஸ்டர் ரிசல்ட் இன்னும் வரவில்லை. கல்லூரி ஃபீஸுக்குக் கடைசித் தேதி போட்டு மெசேஜ் அனுப்பிவிட்டது. முதல் செமஸ்டர் மார்க்கை வைத்துப் பாதித் தொகையாவது தருவார்களா என்று திங்கட்கிழமை கிளையில் போய்க் கேட்கப் போகிறேன்.