வரைவு விதிக்கு ஆட்சேபம் அனுப்புவது: சில நடைமுறைக் குறிப்புகள்

ஊர்வலம் செய்தியாகும். ஆனால் ஒன்றிய அரசின் விதி ஒன்றில் வாசகம் மாறுவதென்றால், வரைவு அரசிதழில் வந்து இறுதியாவதற்குள் மாறினால்தான் உண்டு. சங்கங்களுக்காக ஆட்சேபம் தயாரிக்கும் வேலையில் கண்டவற்றை எழுதுகிறோம்.

முதலில் நாள் கணக்கு. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986-இன் கீழ் 60 நாள் அவகாசம். அரசிதழ்ப் பிரதி மக்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 2020-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு (EIA) வரைவில் இருந்த தேதி மார்ச் 23. அரசிதழில் வந்ததோ ஏப்ரல் 11. வரைவைத் தமிழில் கேட்டு முதல் வாரமே கடிதம் போடுங்கள். அந்த 2020 வரைவுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்ததோடு, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் மொழிபெயர்க்கவும் உத்தரவிட்டது.

பழைய விதியைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். விஷயம் வரையறைகளிலும் விலக்குப் பட்டியலிலும்தான் ஒளிந்திருக்கும். பிறகு பிரிவு எண், வரைவின் வாசகம், நாம் கேட்கும் வாசகம், காரணம் என நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். மூன்றாவதைக் காலியாக விடுபவர்களே அதிகம். ‘நீக்குக’ என்று மட்டும் எழுதினால் கோப்பில் ஒரு வரியில் தள்ளிவிடலாம். மாற்று வாசகம் இருந்தால் மறுப்பதற்கும் காரணம் தேட வேண்டும்.

ஒரே கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்பினாலும் தொகுப்பில் அது ஒரே கருத்துதான். மீனவரும் விவசாயியும் தத்தம் பாதிப்பைத் தனித்தனியாக எழுதிய ஐந்து கடிதங்கள் மேல். மின்னஞ்சலோடு நிற்காமல் ஒப்புகையுடன் தபாலிலும் அனுப்புங்கள்.

வரைவே போடாமல் இறுதி அறிவிக்கை வருவதும் உண்டு. பொதுநலன் என்று சொல்லி அவகாசத்தைத் தவிர்க்க அதே 1986 விதிகளின் விதி 5(4) இடம் தருகிறது. அப்படி வந்தால் அதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். சாலை, குழாய்த் திட்டங்களுக்கு மண் எடுக்க, முன் சுற்றுச்சூழல் அனுமதியிலிருந்து 2020-இல் தந்த விலக்கை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்கு, அந்தக் காரணம் சொல்லப்படாததும் ஓர் அடிப்படை.

சுற்றுச்சூழல் தவிர்த்த மற்ற அமைச்சகங்களுக்கு, ஒன்றிய அரசின் 2014-ஆம் ஆண்டு ‘சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை’ குறைந்தது 30 நாள் என்கிறது. அது சட்டமல்ல, வழிகாட்டுதல். அதை மட்டும் நம்பி வழக்குக்குப் போகாதீர்கள்.

இறுதி அறிவிக்கை வந்ததும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, ஆட்சேபங்களின் தொகுப்பையும் கோப்புக் குறிப்புகளையும் கேளுங்கள். ‘எல்லா ஆட்சேபங்களும் பரிசீலிக்கப்பட்டன’ என்ற வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது அதில்தான் தெரியும்.