காலண்டர் சீசனுக்கு முன்னால் ஒரு டிஸ்க் மாற்றம்

ஜூலை 1, 2025, செவ்வாய்

சிவகாசி அச்சகத்திலிருந்து காலையிலேயே போன். பில் போட்டால் சேவ் ஆகவில்லையாம். 2015-இல் வாங்கிய சர்வர், அதில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ். டிசைன் ஃபைல், பில்லிங், பிளேட் மெஷினுக்குப் போகிற வேலை எல்லாம் அது வழியாகத்தான்.

உள்ளே போய்ப் பார்த்தால் ரூட், அதாவது சிஸ்டமும் புரோகிராம்களும் இருக்கும் பகுதி, 100 சதவீதம் நிரம்பியிருக்கிறது. அதே 250 ஜிபி டிஸ்கில், பயனர் ஃபைல்களுக்கான ஹோம் பக்கம் 170 ஜிபி சும்மா கிடக்கிறது. சென்ட்ஓஎஸ் 7 இன்ஸ்டாலரில் எதையும் மாற்றாமல் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போனால் இப்படித்தான் ஆகும். ரூட்டுக்கு 50 ஜிபி, ராமுக்குத் துணையான ஸ்வாப்புக்குக் கொஞ்சம், மிச்சம் அத்தனையும் ஹோமுக்கு. இங்கே டிசைன் ஃபைல்கள் தனியாக இரண்டு 4 டிபி டிஸ்கில் மிரர் ஆகி இருக்கின்றன, ஹோமை யாரும் தொட்டதே இல்லை. இரண்டிலும் இருக்கும் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ். அது பெரிதாகும், சுருங்காது. அதனால் ஹோமை அழித்துச் சின்னதாகத் திரும்ப உருவாக்கி, மிச்ச இடத்தை ரூட்டுக்குக் கொடுத்துவிடலாம். அரை மணி நேர வேலை.

பேக்கேஜ்களை இறக்கும் யம் விட்டுவைத்த கேஷையும் பழைய லாக் கொஞ்சத்தையும் அழித்து, பில் ஓடும்படி செய்துவிட்டேன். மாறிக்கொண்டே இருக்கும் டேட்டா சேரும் வார் டைரக்டரியில் எது இவ்வளவு பெருத்தது என்று அப்புறம் பார்க்கணும்.

ஜூலை 3, வியாழன்

ஹோமை அழிக்கும் முன் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரம் எடுத்தேன். அதோடு அரை மணி நேரத் திட்டம் போச்சு. டிஸ்க் ஓடிய நேரம் 80,000 மணிக்கு மேல். அது பரவாயில்லை. 197-ஆம் எண்ணுக்கு நேரே 11 என்று நின்றது. டிஸ்கால் படிக்க முடியாமல், என்ன செய்வதென்று முடிவெடுக்காமல் வைத்திருக்கும் செக்டர்கள், அதாவது டிஸ்கின் சின்னச் சின்னத் துண்டுகள் அவை. 5-ஆம் எண்ணிலும், அதாவது ஏற்கெனவே மாற்று இடம் கொடுத்த செக்டர்களிலும், கணிசமான எண்ணிக்கை. இந்த டிஸ்கில் இடத்தை மாற்றிப் பங்கு போடுவதில் அர்த்தமில்லை.

அச்சக முதலாளி அண்ணாச்சியிடம் சொன்னேன். "ஆடிப் பதினெட்டுக்கு மாதிரி ஆல்பம் வெளிய போகணும் தம்பி. அதுக்கு முன்னாடி எது செஞ்சாலும் சரி, அப்புறம் கை வைக்கக் கூடாது" என்றார். நியாயம்தான். அடுத்த வருஷக் காலண்டருக்கு இங்கே ஆர்டர் பிடிக்க ஆரம்பிப்பதே அன்றைக்குத்தான்.

புதிதாக இன்ஸ்டால் செய்வதுதான் சுத்தமான வழி. ஆனால் பில்லிங் மென்பொருளை எழுதியவர் இப்போது ஊரில் இல்லை, செட்டப் ஃபைலும் யாரிடமும் இல்லை. ஆகவே குளோன், டிஸ்கை அப்படியே நகல் எடுப்பது. 1 டிபி எஸ்எஸ்டி போதும் என்றேன். பழைய டிஸ்கில் பார்ட்டிஷன் பட்டியல் எம்பிஆர் என்ற பழைய முறையில் இருக்கிறது. அது செக்டர் எண்ணை 32 பிட்டில்தான் எழுதும், 512 பைட் செக்டர் என்றால் 2 டிபியைத் தாண்டிய இடம் அதற்குத் தெரியாது. பெரிதாக வாங்கினால் ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றணும், பூட்டையும் திரும்ப அமைக்கணும். இந்த மாதத்தில் அது வேண்டாம்.

இன்றைக்கே டேட்டாபேஸின் முழு நகலான டம்பும், கான்ஃபிக் ஃபைல்கள் இருக்கும் எட்சி முழுவதும், பில்லிங் டைரக்டரியும் வெளி டிஸ்குக்குப் போய்விட்டன. சாகப் போகிற டிஸ்கை முழுக்கப் படிக்க வைத்தால் பாதியிலேயே நின்றுவிடலாம். முதலில் எது முக்கியமோ அது.

ஜூலை 5, சனி

மாதாந்திர பவர் ஷட்டவுன். மெஷின் ஓடாத நாள், சர்வரைத் திறக்கத் தோதான நாள். உள்ளே ஹீட்சிங்க் தெரியவில்லை. அச்சான தாள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவுகிற ஸ்டார்ச் பவுடர் படிந்து வெள்ளைப் படலமாகக் கிடந்தது. சர்வரை அச்சு ஹாலுக்குப் பக்கத்து அறையில் வைக்காதீர்கள் என்று போன தடவையும் சொன்னேன். சுவரில் ஏசி இருப்பதால் அதுதான் நல்ல இடமாம்.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் வேலை. டேட்டா டிஸ்க் இரண்டின் கேபிளையும் கழற்றிவிட்டேன். டிஸ்க் காப்பி வேலையில் உண்மையான ஆபத்து கெட்ட செக்டர் இல்லை, எது மூலம் எது நகல் என்று மாறிப்போவதுதான். பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்தால், டிஸ்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் இடம் மாறலாம். அதனால் ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணைத் தாளில் எழுதி, திரையில் வருவதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் என்டர்.

காப்பிக்கு வழக்கமான டிடி கமாண்ட் வேண்டாம், கெட்ட டிஸ்கிலிருந்து மீட்பதற்கான டிடிரெஸ்க்யூ. டிடி முதல் படிப்புப் பிழையிலேயே நின்றுவிடும். பிழையைத் தாண்டிப் போகச் சொல்லி, கூடவே படிக்காத இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும் சிங்க் சேர்க்கவில்லை என்றால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் இடம் நகர்ந்து எழுதப்படும். டிடிரெஸ்க்யூ எளிதாகப் படிக்க முடிவதை முதலில் அள்ளிக்கொண்டு, கஷ்டமான இடங்களைக் கடைசிக்கு வைக்கும். எங்கே விட்டது என்று மேப் ஃபைலில் குறித்துக்கொள்ளும், கரண்ட் போனாலும் அங்கிருந்து தொடரலாம். ஆனால் அந்த மேப்பைப் பென் டிரைவில் வைக்கணும். லைவ் சிஸ்டத்தின் ராமில் வைத்தால் கரண்டோடு அதுவும் போகும்.

ஆரம்பத்தில் வினாடிக்கு 100 எம்பிக்கு மேல் ஓடியது, முடியும்போது பாதியாக இறங்கியது. வெளி வட்டத்திலிருந்து உள் வட்டத்துக்கு வரும்போது எல்லா ஹார்ட் டிஸ்கும் இப்படித்தான். மிச்ச செக்டர்களைத் திரும்பத் திரும்ப முயலச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஜூலை 6, ஞாயிறு

படிக்கவே முடியாதது மூன்று செக்டர். 1,536 பைட். கொஞ்சம்தானே என்று விட முடியாது. அது யாருடைய 1,536 பைட்? லாக்காக இருந்தால் கவலையில்லை, லைப்ரரி ஃபைலாக இருந்தால் என்றைக்கோ ஒரு நாள் காரணமே தெரியாமல் காலை வாரும்.

இதற்கு டிடிரெஸ்க்யூவிலேயே வழி உண்டு. ஃபில் மோடில், படிக்க முடியாத இடங்களில் மட்டும் நாம் கொடுக்கும் ஒரு வார்த்தையை நகல் டிஸ்கில் எழுதச் சொல்லலாம். அப்புறம் நகலை மவுண்ட் செய்து, அந்த வார்த்தை எந்த ஃபைலில் வருகிறது என்று கிரெப் கமாண்டில் தேட வேண்டியதுதான். மவுண்ட் செய்யும் முன் பழைய டிஸ்கின் கேபிளை உருவிவிட்டேன். யூயுஐடி என்ற அடையாள எண் ஒன்றாகவே இரண்டு டிஸ்க் இருந்தால், டிஸ்க் இடத்தைப் பங்கு போடும் எல்விஎம் குழம்பும், எக்ஸ்எஃப்எஸ் மவுண்ட் ஆக மறுக்கும்.

இரண்டு செக்டர் 2019-ஆம் வருஷத்து லாக் ஒன்றில். மூன்றாவது எந்த ஃபைலிலும் இல்லை. எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரை எதையும் மாற்றாமல் சோதிக்க மட்டும் சொல்லி ஓட்டினேன், புகார் இல்லை. இன்ஸ்டால் ஆன ஃபைல்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கும் ஆர்பிஎம் சரிபார்ப்பில் நாங்கள் மாற்றிய கான்ஃபிக் ஃபைல்கள்தான் வந்தன, புரோகிராம் எதுவும் வரவில்லை.

கேபிளையெல்லாம் மாட்டி, பயாஸில் பூட் வரிசையைச் சரி செய்ததும் பூட் மெனுவான கிரப் வந்தது. பெரிதாக்கும் வேலை சின்ன வேலை. இரண்டாவது பார்ட்டிஷனை அதே தொடக்க செக்டரில் நீட்டி, பிவிரீசைஸ், எல்விஎக்ஸ்டெண்ட், எக்ஸ்எஃப்எஸ் குரோ என்று மூன்று கமாண்ட். ரூட்டுக்கு 200 ஜிபி மட்டும் கொடுத்தேன். மீதியை எல்விஎம் குரூப்பில் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். எக்ஸ்எஃப்எஸ்ஸிடம் கொடுத்த இடம் திரும்பி வராது, அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்கவும் காலி இடம் வேண்டும். எஸ்எஸ்டி என்பதால் அழித்த இடம் எதுவென்று அதற்குச் சொல்லும் டிரிம் வாராவாரம் ஓடவும் டைமர் போட்டாயிற்று.

ஜூலை 7, திங்கள்

பில் ஓடுகிறது. "பழைய டிஸ்கை எடைக்குப் போட்டுறலாமா தம்பி?" என்று கேட்டார் அண்ணாச்சி. கஸ்டமர் கணக்கு அத்தனையும் அதில் இருக்கிறது, தீபாவளி வரை பீரோவில் இருக்கட்டும், பிறகு நானே அழித்துத் தருகிறேன் என்றேன். "இந்த சர்வரில் மாட்டாதே" என்று மேலே எழுதி ஒட்டியாயிற்று.

ஜூலை 14, திங்கள்

பெருத்தது எது என்று இன்று பார்த்தேன். பில்லிங் மென்பொருள் ராத்திரிதோறும் போடும் டேட்டாபேஸ் டம்ப், ஆரம்பத்திலிருந்து ஒன்றுகூட அழிக்கப்படவில்லை. 31 ஜிபி. இதை விட்டால் 200 ஜிபியும் ஒருநாள் நிரம்பும். 30 நாளுக்கு மேற்பட்டதை அழிக்கவும், மாதத்துக்கு ஒன்றை மட்டும் மிரர் டிஸ்குக்கு அனுப்பவும் வேலைகளை நேரம் வைத்து ஓட்டும் கிரானில் போட்டேன்.

சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு அப்டேட் நின்றுவிட்டது. டிஸ்க் மாறியதால் அது தீரவில்லை. இணையத்திலிருந்து வரும் வழி ஃபயர்வாலில் மூடியே இருக்கிறது. புது ஓஎஸ்ஸுக்கு எஸ்டிமேட் எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 3, ஞாயிறு. சீசன் முடிந்த பிறகு பேசலாம் என்றிருக்கிறார்.