180 லிட்டர்

காலையில சிறுநீரக வகுப்பு. ரெண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுது; வெளிய வர்றது ஒண்ணரை லிட்டர்தான், மிச்சம் திரும்ப ரத்தத்துக்கே. (கிட்னிக்குள்ள வளைஞ்சு போற நுண்குழாய், ஹென்லே வளைவு, அது மட்டும் இன்னும் மண்டையில ஏறல.) மத்தியானம் நடத்தை அறிவியல்: நோயாளி ஏன் சொன்னபடி கேக்குறதில்ல?

சாயங்காலம், வழக்கமா நான் மல்லிப்பூ வாங்குற பூக்கார அக்காகிட்ட படிச்ச திமிர்ல சொன்னேன்: "மதுரை வெயிலுக்கு நிறைய தண்ணி குடிங்கக்கா, இல்லேன்னா கிட்னியில கல்லு வந்துரும்."

நார்ல முடிச்சுப் போட்டுக்கிட்டே, தலையத் தூக்காம, "குடிச்சா எங்க தம்பி போறது? காலையில 5 மணிக்கு வந்தா ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான்."

பக்கத்துல முக்கால் பாட்டில் தண்ணி இருந்துச்சு. உள்ளங்கையில ஊத்தி, பூ மேல தெளிச்சாங்க.