கழுவக் கற்றுக்கொள்ளவே இரண்டு வருஷம்

ஆயுதபூஜைக்கு மறுநாள் எப்படி இருக்கும் என்று வாட்டர் வாஷில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். 2016ல் சேலத்தில் கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் இருந்தேன். அன்றைக்கு மட்டும் முப்பது வண்டிக்கு மேல். பானெட் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடக்கும், வைப்பரில் மாலை நூல் சுற்றியிருக்கும். எல்லா வண்டிக்கும் ஒரே வாளி, ஒரே ஸ்பாஞ்ச். காய்ந்த குங்குமம் போகாவிட்டால் இன்னும் அழுத்தித் தேய்ப்போம்.

அன்று சாயங்காலம் நான் கழுவிய ஒரு கறுப்பு வண்டி விளக்குக் கம்பத்துக்குக் கீழே நின்றது. பானெட்டில் விளக்கைச் சுற்றி வட்டவட்டமாக, சிலந்தி வலை பின்னியது போலக் கோடுகள். முந்தின வண்டியின் மண்ணை ஸ்பாஞ்சில் வைத்து நானே கீறியவை. ஓனர் பார்க்கவில்லை, காசு கொடுத்துவிட்டு ஓட்டிப் போய்விட்டார். எனக்கு அது மனசை விட்டுப் போகவில்லை.

அந்தக் கோடுகளை எடுக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று ரப்பிங் பாலிஷ் போடும் ஒரு கடையில் சேர்ந்தேன். மிஷினைக் கையில் கொடுத்தார்கள், ‘தேய்ச்சா பளபளக்கும்’ என்றார்கள், அவ்வளவுதான் பாடம். உண்மையிலேயே பளபளத்தது. மூன்றாவது மாதம் ஒரு சிவப்பு வண்டியின் பானெட் ஓரத்தில், மடிப்பு வருகிற இடத்தில், மிஷின் சில வினாடி கூடுதலாக நின்றுவிட்டது. மிஷின் முனையில் வெள்ளையாக இருந்த பேடு, அதாவது தேய்க்கிற பஞ்சு, சிவப்பானது. பேடை எடுத்துப் பார்த்தால் உள்ளே கலருக்கு அடியில் பூசுகிற சாம்பல் நிற பிரைமர். பானெட் முழுவதற்கும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பணம் என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது, அதில் எனக்கு வருத்தமில்லை. கம்பெனி பெயின்டோடு இருந்த வண்டியில் அந்தப் பெயின்டை இனி யாராலும் திருப்பித் தர முடியாது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு கடன் வாங்கிப் பெங்களூருக்கு ஐந்து நாள் பயிற்சிக்குப் போனேன். முதல் நாள் முழுக்க மிஷினையே காட்டவில்லை. இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர், அடியில் மண் தங்குவதற்கு ஒரு வலைத்தட்டு. கழுவும் கையுறையை ஒரு பேனலில், அதாவது ஒரு கதவிலோ பானெட்டிலோ, ஓட்டினால் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவுக்குப் போக வேண்டும். மேலிருந்து கீழே, நேர்கோட்டில். சக்கரத்துக்கு வேறு வாளி, வேறு துணி. கீழே விழுந்த துணி திரும்ப வண்டியைத் தொடக்கூடாது. கோடுகளில் பெரும்பகுதி ரோட்டில் விழுவதில்லை, கழுவும்போதும் துடைக்கும்போதும்தான் விழுகிறது என்று அங்கே புரிந்தது.

இரண்டாம் நாள்தான் எனக்கு இந்தத் தொழிலையே விளக்கியது. பெயின்டின் தடிமனை அளக்கும் கருவியை வைத்துக் காட்டினார்கள். இன்றைய காரில் பிரைமர், கலர், மேலே கண்ணாடி போன்ற க்ளியர் கோட் எல்லாம் சேர்ந்தே 100 முதல் 140 மைக்ரான்தான். 1,000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். அதில் க்ளியர் கோட் 40, 50 மைக்ரான், நம் தலைமுடியைவிட மெலிசு. பாலிஷ் போடுவது கீறலை நிரப்புவதல்ல. கீறலைச் சுற்றியுள்ள க்ளியரைக் கீறலின் ஆழம் வரை சீவுவது. ஒவ்வொரு பாலிஷும் அந்த 40லிருந்து கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுதான் போகிறது. நான் அந்தச் சிவப்பு வண்டியில் என்ன செய்தேன் என்பது அன்றுதான் எண்ணாகத் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் பழைய இரும்புக் கடையில் எடைக்கு மூன்று பானெட் வாங்கினேன். ஒன்றை வேண்டுமென்றே பெயின்டில் ஓட்டை விழும் வரை தேய்த்தேன். சூடு எப்படி ஏறுகிறது, ஓரத்தில் எவ்வளவு சீக்கிரம் போகிறது, பேடில் கலர் எப்போது வருகிறது என்று கைக்குத் தெரிய வேண்டும். ரோட்டரி மிஷின் ஒரே அச்சில் சுற்றுவதால் சூடு ஓர் இடத்திலேயே சேரும். டூயல் ஆக்‌ஷன் மிஷின் சுற்றிக்கொண்டே ஆடுவதால் மெதுவாக வெட்டும், தப்புக்கும் கொஞ்சம் இடம் தரும். புதிதாக வருகிறவர்கள் இதிலேயே தொடங்குங்கள், ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டாமல் எந்த மிஷினையும் வைக்காதீர்கள்.

2019ல் கோரிமேட்டில், ஏற்காடு ரோட்டில், ஒரு ஷெட் பிடித்தேன். சிறுதொழிலுக்கான உத்யோக் ஆதார் பதிவு இணையத்திலேயே இலவசமாக முடிந்தது. கரன்ட், அட்வான்ஸ் எல்லாம் வழக்கமான அலைச்சல்தான். என்னை உண்மையில் திணறடித்தது தண்ணீர். மேக்னசைட் வெட்டியெடுக்கிற வெள்ளைக் கரடுகள் இருக்கிற ஊர் இது. என் போர் தண்ணீரில் கரைந்த உப்பு 1,200 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1,200 மில்லிகிராம், காட்டியது. சித்திரை வெயிலில் சூடான பேனலில் அந்தத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும், அப்படியே விட்டால் க்ளியரை அரித்துவிடும். எனவே காலை ஒன்பதுக்குள் அல்லது நிழலில், பேனல் தொட்டால் சில்லென்று இருக்கும்போதுதான் கழுவுவேன். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர். செலவு கூடுதல்தான், ஆனால் பாதிப் பாலிஷ் வேலை அதில் மிச்சமாகிறது.

ஏற்காட்டு வண்டிகளைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். இருபது கொண்டை ஊசி வளைவும் பிரேக்கை அழுத்தியே இறங்கினால் தேய்ந்த இரும்புத் துகள் சக்கரத்திலும் கதவின் அடியிலும் சூடாகக் குத்தி உட்கார்ந்துவிடும். வெள்ளை வண்டியில் ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும். அதைத் தேய்க்கக்கூடாது. இரும்பைக் கரைக்கும் திரவத்தை அடித்தால் ஊதா நிறமாக வழிந்து வரும், அழுகிய முட்டை போல நாறும். காயவிடாமல் கழுவிவிட்டு, மிச்சம் ஒட்டியிருப்பதற்கு க்ளே, அழுக்கைப் பிடித்து இழுக்கிற களிமண் போன்ற கட்டி. க்ளே ஓட்டிய இடத்தில் விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். (இரண்டாம் கியரில் இறங்குங்கள் என்று எல்லா டிரைவரிடமும் சொல்கிறேன். பிரேக்குக்கும் நல்லது.)

பெயின்ட் மேல் பூசுகிற செராமிக் கோட்டிங் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 9எச் என்றால் வைரம் போல என்று சொல்லி விற்கிறார்கள். அது பென்சில் கீறல் சோதனையின் அளவு. கல் தெறித்தால் எந்தக் கோட்டிங்கும் காப்பாற்றாது. அழுக்கு ஒட்டாமல் சுலபமாகக் கழுவ முடியும், வெயிலைக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவு. கீழே உள்ள கீறலை எடுக்காமல் மேலே பூசினால் கீறலும் சேர்ந்தே பாதுகாக்கப்படும்.

போன வருஷம் ஏற்காட்டில் டாக்ஸி ஓட்டுகிற பெரியவர் ஒருவர் தன் நீல வண்டியைக் கொண்டுவந்தார். மகள் கல்யாணத்துக்குள் கோடெல்லாம் போக வேண்டும், பணம் கையில் இருக்கிறது என்றார். கருவியை வைத்தேன். கதவுகளில் 110, 115. பானெட்டில் 78. யாரோ இரண்டு, மூன்று தடவை ரப்பிங் போட்டிருக்கிறார்கள்.

“ஏன் தம்பி, கோடு போகாதா?”

“போகும்ங்கய்யா. கூடவே பெயின்டும் போயிரும். கதவு நாலும் சுத்தமா எடுத்துத் தர்றேன். பானெட்டுல மிஷின் வைக்க மாட்டேன்ங்க. கழுவி, க்ளே போட்டு, மெழுகு ஏத்தித் தர்றேன்.”

“அஸ்தம்பட்டியில போட்டுத் தர்றேன்னு சொன்னாங்களே.”

நான் கருவியை அவர் கையிலேயே கொடுத்து, கதவிலும் பானெட்டிலும் வைக்கச் சொன்னேன். நான்கைந்து இடத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சாவியை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

இந்த மாசம் அதே வண்டி மறுபடி வந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் எழுதி வைக்கிற நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு பானெட்டில் கருவியை வைத்தேன். ஒரு இடத்தில் 77, பக்கத்தில் 79. எழுதிக்கொண்டு, இரண்டு வாளியிலும் தண்ணீர் பிடித்தேன்.