தேர்வு முடிந்த பின்னும் திறந்திருந்த கணக்கு

இணையவழித் தேர்வு அமைப்பின் நிர்வாகப் பொறுப்பை நான் ஏற்ற முதல் ஆண்டில், ஒரு பருவத் தேர்வு தொடங்கச் சில நாட்களே இருந்த நிலையில், உள்நுழைவுப் பதிவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முந்தைய பருவத்தில் வினாக்களை உருவாக்குவதற்காக மட்டும் சேர்க்கப்பட்டிருந்த ஓர் ஆசிரியரின் கணக்கிலிருந்து, அந்த வாரத்தில் இருமுறை வினா வங்கி திறக்கப்பட்டிருந்தது. விசாரித்தபோது, தாம் முன்பு எழுதிய வினாக்களை வகுப்பில் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்று எண்ணித் தேடியதாக அவர் சொன்னார். அதில் எனக்கு ஐயம் எழவில்லை. ஆயினும் புதிய வினாத்தாளும் அதே வங்கியில் இருந்ததால், அவர் அதைப் பார்க்கவில்லை என்பதை யாராலும் நிறுவ முடியவில்லை. வினாத்தாள் முழுவதையும் மாற்றினோம். நேர்மையான ஒருவர் மற்றவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளானார். பணி முடிந்த அன்றே நான் நீக்கியிருக்க வேண்டிய உரிமை அது. அணுகல் உரிமையைத் திரும்பப் பெறுவது அவநம்பிக்கையின் அடையாளம் என்று அதுவரை தயங்கியிருந்தேன். உண்மையில் அது அந்த நபரையே ஐயத்திலிருந்து காக்கும் செயல் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

உரிமையை நீக்குவது என்றவுடன் கணக்கையே அழித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தேர்வு அமைப்பில் இது பெரும் பிழை. யார் எந்த விடைத்தாளை மதிப்பிட்டார், மதிப்பெண்ணை யார் எப்போது திருத்தினார் என்ற கேள்விகள் முடிவு வெளியான பின்னரே எழுகின்றன. அப்போது அந்தப் பெயர் அமைப்பில் இருக்க வேண்டும். ஆகவே நான் பெரும்பாலும் இடைநிறுத்தத்தையே தேர்ந்தெடுக்கிறேன். மூடில் (Moodle) என்னும் இணையவழிக் கற்றல் மென்பொருளில் ஒரு பாடத்தில் உள்ள சேர்க்கையை மட்டும் இடைநிறுத்தலாம், அல்லது கணக்கு முழுவதையும் இடைநிறுத்தலாம். முன்னதில் அவர் மற்ற பாடங்களுக்குள் வழக்கம்போல் நுழைய முடியும். பின்னதில் உள்நுழைவே இயலாது. இரண்டிலும் பழைய மதிப்பெண்களும் பதிவுகளும் அப்படியே இருக்கும்.

எனக்கு அதிகம் குழப்பம் தந்தது, ஒரே நபருக்கு உரிமை பல வழிகளில் வந்து சேர்வதுதான். மூடிலில் ஒரு செயலுக்கான அனுமதி நான்கு நிலைகளில் அமைகிறது: அமைக்கப்படாதது, அனுமதி, தடுப்பு, முற்றான தடை. ஒருவருக்கு இரு பொறுப்புகள் வழங்கப்பட்டிருந்து, ஒன்றில் தடுப்பும் மற்றொன்றில் அனுமதியும் இருந்தால், அனுமதியே செல்லும். முற்றான தடை மட்டுமே மற்ற எல்லாவற்றையும் மீறி நிற்கும். ஒரு பொறுப்பில் ‘தடுப்பு’ என்று மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தவர், அதே நபர் வேறொரு பொறுப்பின் வழியே வினாக்களைத் திருத்திக்கொண்டிருப்பதைப் பின்னர்தான் அறிய நேரிடும். குழு வழியாகத் தானாகச் சேர்க்கப்பட்டவர்களின் நிலையும் இத்தகையதே: குழுவிலிருந்து நீக்காமல் பாடத்திலிருந்து மட்டும் நீக்கினால், அடுத்த ஒத்திசைவில் அவர் மீண்டும் சேர்க்கப்படக்கூடும். ஆகவே ஒருவரின் உரிமையை நீக்குவதற்கு முன், அது அவருக்கு எந்தெந்த வழிகளில் கிடைத்தது என்பதை முழுமையாகப் பட்டியலிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.

நீக்கிய பின்னும் ஒரு நுட்பமான இடைவெளி எஞ்சுகிறது. அவர் ஏற்கெனவே உள்நுழைந்திருந்தால், அவரது அமர்வோ (உள்நுழைந்தது முதல் வெளியேறும்வரை நீடிக்கும் இணைப்பு), அவரிடம் வழங்கப்பட்ட டோக்கனோ (மீண்டும் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும் மின்னணு அனுமதிச் சீட்டு) இன்னும் செல்லுபடியாகலாம். ஜேசன் வெப் டோக்கன் போன்றவற்றில் காலாவதி நேரம் டோக்கனுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். சேவையகம் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைக் கேட்டு உறுதிசெய்யாவிட்டால், அந்த நேரம் முடியும்வரை கதவு திறந்தேயிருக்கும். ஒருமுறை செய்த சோதனையின் முடிவை நினைவில் வைத்துக்கொண்டு செயல்படும் அமைப்புகளை ஐயத்தோடு அணுக வேண்டும் என்று கணினி அறிவியலாளர்களான ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். தேர்வு நடைபெறும் நாளில் அந்த எச்சரிக்கையின் முழுப் பொருளும் புரியும். ஆகவே உரிமையை நீக்கியவுடன் நடப்பு அமர்வுகளையும் முடித்து, செயலிகளுக்கு வழங்கிய டோக்கன்களையும் செல்லாததாக்குகிறேன்.

தேர்வர்களைப் பொறுத்தவரை கவனம் எதிர்த்திசையில் செல்ல வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரின் உரிமையை நடுவில் நீக்கினால், இறுதியாகச் சேமிக்கப்பட்ட விடைகளுக்குப் பின் அவர் எழுதியவை இழக்கப்படலாம். முறைகேடு என்ற புகார் வந்தாலும், பிறருடைய தேர்வுக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அவரை எழுதி முடிக்க விட்டு, விடைத்தாளை நிறுத்திவைத்து விசாரிப்பதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து. புகார் பொய்யென்று தெரிந்தால், இழந்த நேரத்தை எந்த நிர்வாகியாலும் திருப்பித் தர இயலாது.

திரும்பப் பெறவே முடியாதது ஒன்றுண்டு: ஏற்றுமதி செய்யப்பட்ட வினா வங்கி. கோப்பாகப் பதிவிறக்கப்பட்ட பின் அதன்மேல் எந்த அமைப்புக்கும் ஆட்சி இல்லை. எனவே ஏற்றுமதி உரிமையை இப்போது இருவருக்கு மேல் தருவதில்லை.

இப்போது உரிமையை வழங்கும்போதே அது முடியும் தேதியையும் பதிந்துவிடுகிறேன். மதிப்பீட்டாளருக்கு அது மறுமதிப்பீட்டுக் காலம் நிறைவடையும் நாள். வினா எழுதுபவருக்கு வினாத்தாள் ஒப்படைக்கப்படும் நாள். நீக்கிய பின், யார் நீக்கினார், எதற்காக என்பதையும் எழுதிவைத்து, உரியவருக்கு ஒரு மடலும் அனுப்புகிறேன். முன்னர் சொன்ன ஆசிரியர் அடுத்த ஆண்டு மீண்டும் வினா எழுத வந்தார். கணக்கை மீட்டுத் தந்தபோது, அது எந்த நாளில் மூடப்படும் என்பதை அவரே முதலில் கேட்டு, தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.