ரைட் அவுட் பி.கே. பானர்ஜி

ஜாம்ஷெட்பூரில் நம் காலத்துப் பையன்களுக்கு, இந்திய ஃபுட்பால் வீரரும் கோச்சுமான பி.கே. பானர்ஜி என்றால் டாடா ஃபுட்பால் அகாடமிதான். 1987-ல் தொடங்கிய அந்த அகாடமியில் 1991 முதல் 1997 வரை அவர் டெக்னிக்கல் டைரக்டர். ஆனால் நம் ஊரோடு அவருக்கு இருந்த உறவு அதைவிட நாற்பது வருடம் பழையது. 1936-ல் ஜல்பாய்குரி பக்கம் மொய்னாகுரியில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு ஜாம்ஷெட்பூர் வந்தவர். பதினைந்து, பதினாறு வயதிலேயே பீகாருக்காக, மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபி ஆடினார். (இன்று ஜார்க்கண்டில் இருக்கும் நம் ஊர் அப்போது பீகார். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.)

1954-ல் கல்கத்தா போய் ஆரியன் கிளப், பிறகு ஈஸ்டர்ன் ரயில்வே. மோகன் பகானுக்கோ ஈஸ்ட் பெங்காலுக்கோ அவர் ஆடவே இல்லை. 1958-ல் கல்கத்தா லீக்கை ரயில்வே அணி வென்றது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற பெரிய மூன்று கிளப்புகளுக்கு வெளியே இன்னொரு அணி அதை வெல்ல 2019 வரை ஆயிற்று.

பி.கே. ஆடிய இடம் ரைட் அவுட், அதாவது வலது ஓர ஃபார்வர்டு. ரைட் அவுட் என்றால் ஓரக்கோட்டை ஒட்டி ஓடுகிறவர் என்று மட்டும் நினைக்கக் கூடாது. கோல் லைன் வரை போய்ப் பந்தைப் பின்பக்கம் இழுத்துப் போட வேண்டும். அப்போது எதிரணியின் தடுப்பு ஆட்டக்காரர்களான பேக்குகள் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். நம் ஃபார்வர்டுக்கோ பந்து எதிரே வரும். அவசரப்பட்டு முன்னாலேயே தூக்கிப் போட்டால் அது கோல்கீப்பருக்குக் கொடுத்த பந்து. ஊன்றிய கால் பந்துக்குப் பின்னால் தங்கி, உடம்பும் பின்னால் சாய்ந்தால், ஓரத்திலிருந்து போடும் அந்த கிராஸ் மேலே எழும்பி வீணாகும். கோலும் அடிக்கத் தெரிந்த ரைட் அவுட் பி.கே. 1960 ரோம் ஒலிம்பிக்கில் கேப்டனாக இருந்து பிரான்ஸுக்கு எதிராக அவர் போட்ட கோலால்தான் ஆட்டம் 1-1. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராக 17-ஆம் நிமிடம் அவர் கோல், சற்று நேரத்தில் ஜர்னைல் சிங் கோல், 2-1, தங்கம். ஜர்னைல் உண்மையில் ஸ்டாப்பர், நடுவில் நின்று தடுக்கிறவர். தலையில் தையலோடு இருந்தவரை ஃபார்வர்டாக இறக்கியது இந்திய அணி கோச் ரஹீம். அன்று கோல்கீப்பர் நம் பீட்டர் தங்கராஜ்.

பி.கே. பின்னாளில் கோச் ஆனதற்கு அந்த ரஹீம் பள்ளிதான் அடித்தளம் என்பது என் எண்ணம். ஆட்டத்தை விட்டபின் 1969-ல் ஜப்பானில் டெட்மர் கிராமர் நடத்திய ஃபிஃபா வகுப்பில் படித்தார். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஜி.எம்.ஹெச். பாஷாவோடு சேர்ந்து அவர் தயார் செய்த இந்திய அணி வெண்கலம் வாங்கியது. 1972 முதல் ஈஸ்ட் பெங்கால் கோச், 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0. மறு வருடமே அந்த மோகன் பகானுக்குப் போனார். 1977-ல் ஷீல்டு, டூரண்ட், ரோவர்ஸ் மூன்று கோப்பையும் அவர்களுக்கு. அதே வருடம் பெலே ஆடிய அமெரிக்க கிளப் காஸ்மோஸோடு ஈடன் கார்டனில் 2-2.

‘வோக்கல் டானிக்’ என்று அவர் டிரெஸ்ஸிங் ரூம் பேச்சைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். பேச்சு உண்மைதான். ஆனால் பேசியே 5-0 ஜெயிக்க முடியாது. 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கப் அரையிறுதியைப் பாருங்கள். பி.கே. அப்போது மீண்டும் ஈஸ்ட் பெங்கால் கோச், எதிரே மோகன் பகான். மோகன் பகான் கோச் அமல் தத்தா வீரர்களை நிறுத்தும் தன் ‘டைமண்ட்’ அமைப்பை ஊரெல்லாம் பேச வைத்திருந்தார். போதாததற்கு ஈஸ்ட் பெங்கால் வீரர்களைக் கிண்டலும் செய்தார்: பைச்சுங் ‘சுங்-சுங்’, ஒமொல்லோ ‘ஆம்லெட்’. பி.கே.வுக்கு டானிக் காய்ச்ச வேறு மருந்து வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த டைமண்டில் ஓட்டை ஒன்றும் இருந்தது. ஆட்களை முன்னே அனுப்பித் தாக்கும் அமைப்பு அது. பந்து பறிபோன நொடியில் பின்னால் இரண்டு ஓரமும் காலி. கோட்டோரத்திலேயே காலம் கழித்த ரைட் அவுட்டுக்கு அதை யாரும் காட்டித் தர வேண்டியதில்லை. முதல் கோல் நஜிமுல் ஹக், பிறகு பைச்சுங் ஹாட்ரிக். மோகன் பகானுக்கு சீமா ஒகோரி மட்டும் ஒன்று. 4-1. சால்ட் லேக் மைதானத்தில் அன்று 1,31,781 பேர்.