மூணாவது தடவை தட்டு மின்னியது

துத்தநாகம் மிஞ்சிய மண்ணில் போடுவதற்காகக் கரியில் பாக்டீரியாவை ஏற்றப் பார்க்கிறேன், ஒருவழியாக அது பிழைத்துவிட்டது. நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு யூவி டார்ச் அடித்தேன், கிங்ஸ் பி (இந்த வகைப் பாக்டீரியாவை மின்ன வைக்கும் வளர்ப்பு ஊடகம்) தட்டு முழுக்க மஞ்சள் கலந்த பச்சையில் புள்ளி புள்ளியாக மின்னுகிறது. இரண்டு மாதமாக இதற்குத்தான் மாரடித்துக்கொண்டிருந்தேன்.

நம்ம மண், துத்தநாகம் பூசிய தகரக் கூரையிலிருந்து வருஷக்கணக்கில் தண்ணீர் சொட்டிய இடம். முள்ளங்கி போட்டால் துளிர் இலையில் நரம்பு மட்டும் பச்சை, மிச்சமெல்லாம் வெளுப்பு. துத்தநாகம் மிஞ்சி, செடிக்கு இரும்பு கிடைக்காத கோலம்.

முதல் இரண்டு தடவையும் சூடோமோனாஸ் என்ற அந்தப் பாக்டீரியாவின் பவுடரைப் புதுக் கரியில் அப்படியே கலந்து வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தட்டு காலி. பாக்கெட் அனுப்பியவரைத் திட்டித் தீர்த்தேன் (தயாரிப்புத் தேதியே போடாமல் அனுப்பினால் வேறென்ன செய்வது). அப்புறம் அதே பவுடரைத் தண்ணீரில் நீர்த்து நேராகத் தட்டில் போட்டேன், ஜம்மென்று முளைக்கிறது! கோளாறு கரியில். பிஎச் தாள் (அமிலமா காரமா என்று காட்டுவது, 7 என்றால் நடுநிலை) கிட்டத்தட்ட 10 காட்டியது, அவ்வளவு சாம்பல். குளோரின் போக ஒரு ராத்திரி திறந்து வைத்த தண்ணீரில் ஏழு தடவை அலசினேன், கடைசியில்தான் 8-க்குக் கீழே இறங்கியது. பிறகு மண்புழு உரம் கரைத்த நீரில் பத்து நாள் ஊறல், நிழலில் உலர்த்தல். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில்தான் பவுடர் சேர வேண்டும், முந்தினாலும் பிந்தினாலும் போச்சு. பவுடர் சேர்க்காத கரியிலும் ஒரு தட்டு போட்டிருந்தேன், அதில் மினுக்கம் இல்லை.

தட்டில் மின்னுவது பையோவெர்டின், இரும்பைக் கவ்விப் பிடிக்க இந்தப் பாக்டீரியாவே சுரப்பது. இரும்புக்குத் தவிக்கிற மண்ணில் அதை நம்பித்தான் இறங்கினேன்.

இந்த மண்ணில் முள்ளங்கி போட்ட முதல் சுற்றுத் தொட்டிகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாக்டீரியா செத்துப்போன கரியும் உரமும் போட்டதிலேயே துளிர் பாதி தேறியிருந்தது. கரியால் பிஎச் ஏறினால் துத்தநாகம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான், மண்ணை விட்டு எங்கும் போகாது. ஆனால் கரியை அள்ளிக் கொட்டினால் இரும்பும் சேர்ந்து முடங்கும். அதனால் இந்த முறை கரி அளவைப் பாதியாக்கி, பாக்டீரியா போட்டதும் போடாததுமாக நாலு நாலு தொட்டி. கிழங்கைச் சாப்பிடுகிற எண்ணமெல்லாம் இல்லை.

இன்னும் விதைகூட ஊன்றவில்லை, அதற்குள் மனசு பேசில்லஸ் என்ற இன்னொரு பாக்டீரியா பக்கம் போய்விட்டது. வித்தாகி உறங்குவதால் காய்ந்த கரியிலும் தாங்கும் என்று ஒரு பாக்கெட் வாங்கிவிட்டேன். இதிலும் தேதி இல்லை.